ஒரு பூஜ்யமும் டெட்ராய்ட் பெரியப்பாவும்

கம்ப்யூட்டரில் வரும் பிழைச் செய்திகளை எழுதுகிறவர்களுக்குச் சொந்தக்காரர்களே கிடையாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். இருந்திருந்தால், 'உனக்கு இங்கே அனுமதி இல்லை' என்று அவ்வளவு மொட்டையாக எழுத மனம் வந்திருக்காது. 'கொஞ்சம் பொறுங்கள், உள்ளே ஒரு சின்னச் சிக்கல், தப்பாக நினைக்காதீர்கள்' என்று நாலு வார்த்தை சேர்த்திருப்பார்கள். கல்யாண வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆள் அந்த வேலையில் இருந்திருந்தால், என் நிச்சயதார்த்தம் அப்படி ஆட்டம் கண்டிருக்காது.

(பழியை முதலிலேயே அவர்கள் தலையில் போட்டுவிட்டேன். மிச்சப் பழி என்னுடையது. அதுதான் அளவில் கொஞ்சம் பெரிசு.)

ஹைதராபாத்தில், பேகம்பேட்டில் இன்னும் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்த காலம். எங்கள் அலுவலகம் அங்கே ஒரு மூன்றாவது மாடியில் இருந்தது. விமானம் தலைக்கு மேல் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர எல்லோருக்கும் பழகியிருந்தது. திருநெல்வேலியில் எம்.சி.ஏ. முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்திருந்தேன். காந்திமதி என்ற என் பெயர் அங்கே யார் வாயிலும் முழுசாக நுழையவில்லை. அதனால் நான் 'காந்தி'. வாடிக்கையாளர்களிடம் "காந்தி பார்த்துக்கொள்வார்" என்று எங்கள் மேலாளர் சொல்லும்போது அவர்களுக்கு ஏற்பட்ட நம்பிக்கையை என் வேலை ஒருநாளும் நியாயப்படுத்தியதில்லை.

ஆனால் எனக்கு அப்போது என் மேல் இருந்த நம்பிக்கைக்கு அளவே கிடையாது. கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையை கொண்டாப்பூர் விடுதியில் இட்லி வாங்க வரிசையில் நிற்கும்போதுகூடக் கழற்ற மாட்டேன். இரண்டு இணையதளம் செய்து முடித்திருந்தேன். ஒன்று மார்பிள் கடைக்கு, இன்னொன்று மார்பிள் கடைக்காரரின் தம்பி கடைக்கு. இரண்டும் ஒன்றுதான், பெயரை மட்டும் மாற்றியிருந்தேன்.

இந்த நிலையில்தான் பாஸ்கர் வீட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

பாஸ்கரின் குடும்பம் வெள்ளைக்காரர் காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து செகந்திராபாத்துக்கு வந்தது. இப்போது மல்காஜ்கிரியில் சொந்த வீடு. அவருடைய அப்பா ராஜு, ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாஸ்கருக்கு வங்கியில் வேலை. அவர்கள் பேசும் தமிழில் தெலுங்கு ஒரு பக்கமும் ஹைதராபாத் இந்தி ஒரு பக்கமும் வந்து உட்கார்ந்திருக்கும். என் அப்பா முதல் நாள் அரை மணி நேரம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "தங்கமான ஆளுவ. என்ன சொன்னாவன்னுதான் தெரியல" என்றார்.

எல்லாம் கூடி வந்தது. ஒரே ஒரு முள். பாஸ்கரின் அப்பாவுக்கு ஓர் அண்ணன். பெயர் சிவலிங்கம். அமெரிக்காவில் டெட்ராய்ட்டில் பாலம் கட்டும் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். முறைப்படி எனக்குப் பெரிய மாமா. ஆனால் அந்த வீட்டுக்குப் பால் போடுகிறவர் உட்பட எல்லோருக்கும் அவர் 'டெட்ராய்ட் பெரியப்பா'தான். அவர் அங்கிருந்து தலையசைக்காமல் மல்காஜ்கிரியில் கறிவேப்பிலைகூட வாங்க மாட்டார்கள். அப்படிப்பட்டவரிடம் கேட்காமல் நிச்சயதார்த்தத் தேதியைக் குறித்துவிட்டார்கள். என் அப்பாவுக்கு விடுப்பு கிடைத்தது அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி மட்டும்தான். விஷயம் தெரிந்ததிலிருந்து பெரியப்பா போனில் 'சரி' என்ற ஒரு சொல்லை மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

என் வருங்கால மாமனார் இதைக் கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தபோது நான் குறுக்கே விழுந்தேன். (கூப்பிடாமலே குறுக்கே விழுவது அந்த வயதில் எனக்குக் கைவந்த கலை.) அவர் வர முடியாவிட்டால் என்ன, அன்று சாயங்காலமே நிச்சயதார்த்தப் படங்கள் எல்லாவற்றையும் அவர் டெட்ராய்ட்டில் உட்கார்ந்தபடி பார்க்கலாம், அதற்கான இணையப் பக்கத்தை நானே செய்கிறேன் என்றேன். மாமா முகத்தில் வெளிச்சம் வந்தது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டு, பெண்ணே உங்களுக்காகத் தன் கையால் செய்கிறாள் என்றார். பெரியப்பா 'சரி'க்குப் பதிலாக 'பார்ப்போம்' என்றாராம். அந்த முன்னேற்றத்துக்கே அன்று வீட்டில் கேசரி கிளறினார்கள்.

நான் செய்த ஏற்பாடு இதுதான். பாஸ்கர் மல்காஜ்கிரியில் ஒரு நெட் சென்டரிலிருந்து படங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவார். எங்கள் அலுவலகத்தின் சர்வர், அதாவது கேட்பவர்களுக்கெல்லாம் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் பெரிய கம்ப்யூட்டர், அவற்றை 'நிச்சயம்' என்ற ஃபோல்டரில் அடுக்கும். கடைசியில் பாஸ்கர் 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்துவார். உடனே என் புரோகிராம் அந்த ஃபோல்டரின் பூட்டைத் தானே திறந்துவிடும்.

பூட்டு என்றால் சாவி போடும் பூட்டு அல்ல. அந்த மாதிரி சர்வரில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் மூன்று எண் இருக்கும். முதல் எண் அதன் சொந்தக்காரருக்கு, இரண்டாவது அவருடைய கூட்டத்துக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். பூஜ்யம் என்றால் ஒன்றும் செய்யக்கூடாது. ஏழு என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மூன்றும் ஏழாக இருந்தால் கதவு, ஜன்னல், கொல்லைப்புறம் எல்லாம் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். விவரம் தெரிந்தவர்கள் அப்படித் திறந்து போட மாட்டார்கள். நான் 777 என்று ஒரே வரியில் எழுதினேன். நல்ல காரியத்தில் எதற்குக் கஞ்சத்தனம் என்ற எண்ணம்.

சோதித்தும் பார்த்தேன். அதுதான் இதில் வேடிக்கை. என் மேசையில் இருந்தது விண்டோஸ் கம்ப்யூட்டர். அதில் இந்த மூன்று எண் பூட்டே கிடையாது. பூட்டே இல்லாத கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, ஆகா, திறக்கிறது என்று சந்தோஷப்பட்டு, புரோகிராமை சர்வரில் ஏற்றிவிட்டு, நகப்பூச்சு வாங்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மல்காஜ்கிரி வீட்டு மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு நிச்சயதார்த்தம் நடந்தது. படம் எடுத்தது பாஸ்கர்தான், நண்பரிடம் இரவல் வாங்கிய டிஜிட்டல் கேமராவில். (தன் நிச்சயதார்த்தத்தைத் தானே படமெடுத்ததால் பாதிப் படங்களில் மாப்பிள்ளை கிடையாது.) மோதிரம் மாற்றிய கையோடு, சாயங்காலம் இந்த முகவரியில் படங்களைப் பார்க்கலாம் என்று உலகமெங்கும் இருந்த இரு வீட்டு உறவினர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். சாயங்காலம் என் அப்பாவும் அம்மாவும் சென்னைக்கு ரயிலேறினார்கள். பாஸ்கர் நெட் சென்டரில் படங்களை ஏற்றி, 'முடிந்தது' பொத்தானை அழுத்தினார். பிறகு பொறுப்பான மனிதராக, கேமராவில் இருந்த படங்களை எல்லாம் அழித்துத் துடைத்து, நண்பரிடம் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் பாஸ்கரின் போன். ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அது போகும்வரை காத்திருந்துவிட்டு, "காந்திமதி, பெரியப்பாவை நீ ஏன் உள்ள விடல?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். பெரியப்பா ஞாயிறு காலை, அவர்கள் ஊர் நேரப்படி, குளித்து, பட்டை போட்டு, பெரியம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். வெள்ளைத் திரையில் கொட்டை எழுத்தில் 'ஃபர்பிடன்' என்று வந்திருக்கிறது. தடை செய்யப்பட்டது. அதற்குக் கீழே, 'நிச்சயம்' என்ற பெயரையும் போட்டு, இதைப் பார்க்க உனக்கு அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பகல் முழுக்க யோசித்துவிட்டு, தம்பிக்குப் போன் செய்து அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டியிருக்கிறார். என்னைக் கேட்காமல் தேதி குறித்தீர்கள், பொறுத்துக்கொண்டேன். இப்போது பெண்ணே தன் கையால் செய்து, என் பெரியதனத்துக்கு இப்படி ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறாள் என்றாராம்.

நான் சிரித்துவிட்டேன். அது தவறு. எதிர்முனையில் பாஸ்கர் சிரிக்கவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எனக்கும் அதே ஃபர்பிடன். சரி, கையாலேயே பூட்டை மாற்றிவிடலாம் என்று சர்வருக்குள் போனால், சர்வர் மறுத்துவிட்டது. அந்த ஃபோல்டரை உருவாக்கியது நான் இல்லை, சர்வரில் ஓடிய புரோகிராம். ஆகவே சொந்தக்காரர் சர்வர். பூட்டை மாற்றும் உரிமை அதற்கு மட்டும்தான். என்னால் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை. மாற்ற வேண்டுமென்றால் இன்னொரு புரோகிராம் எழுதி, சர்வரையே விட்டு மாற்றச் சொல்ல வேண்டும்.

எழுதினேன். அதே வரி, அதே 777. நேற்று ஏதோ கோளாறில் ஓடாமல் போயிருக்கும், இன்று ஓடிவிடும் என்ற நினைப்பு. கட்டளை நிறைவேறியதா என்று சர்வரையே கேட்கவும் ஒரு வரி சேர்த்தேன். 'ஆம்' என்றது. அதுவே 'ஆம்' என்று சொன்ன பிறகு திறந்து பார்ப்பது அவநம்பிக்கை அல்லவா? நான் திறந்து பார்க்கவில்லை. 'சிறு தொழில்நுட்பத் தடங்கல் சரிசெய்யப்பட்டுவிட்டது, இப்போது கண்டு மகிழுங்கள்' என்று உலகத்துக்கே மறுபடி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் அப்பாவின் போன். சென்னையில் திருநெல்வேலி ரயிலுக்காகக் காத்திருந்தவர், எழும்பூரில் ஓர் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி அவருக்கும் பேசிவிட்டாராம்.

"ஏட்டி, அமெரிக்காக்காரரப் பாத்து உள்ள வரக்கூடாதுன்னு எழுதி வச்சியாமே?"

"நான் எழுதலப்பா. சர்வர்தான் அப்படிச் சொல்லிருச்சு."

பின்னால் தட்டு வைக்கும் ஓசை கேட்டது.

"எந்த ஓட்டல் சர்வரு? அவனுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் என்னட்டி சோலி?"

அப்பாவுக்கு விளக்க முயன்றேன். கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை அதற்கு என்றேன். அதைத்தான் நானும் சொல்கிறேன், எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறவன் எதற்கு வாய் பேசினான் என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. (இன்று வரை எங்கள் ஊரில் ஒரு பகுதியினர், ஹைதராபாத்தில் வாய்த்துடுக்கான ஓட்டல் பணியாள் ஒருவனால்தான் என் கல்யாணத்துக்கு இடைஞ்சல் வந்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா அதைத் திருத்தவில்லை. மகள் செய்த தப்பு என்பதைவிட அது அவருக்குச் சௌகரியமாக இருக்கிறது.)

அன்று சாயங்காலம் மல்காஜ்கிரிக்கு வரச் சொன்னார்கள். போனேன். கூடத்தில் மாமாவும் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்கர் சுவரோரம் நின்றிருந்தார். மேசையில் போன், ஸ்பீக்கர் போடப்பட்டிருந்தது. டெட்ராய்ட்டில் அப்போது காலை. பெரியப்பா எழுந்து, என் இரண்டாவது மின்னஞ்சலைப் படித்து, கண்டு மகிழப் போய், மறுபடி ஃபர்பிடனைப் பார்த்துவிட்டு லைனில் காத்திருந்தார்.

"அண்ணா ரெண்டு தடவை பாத்துட்டாரும்மா" என்றார் மாமா. "முதல் தடவை மிஸ்டேக்குன்னு வெச்சுக்கலாம். வா வான்னு கூப்ட்டு ரெண்டாவது தடவையும் அதே சொன்னா, கைக்குன்னு கேக்கறாரு. நான் என்ன சொல்றது?"

கைக்கு, அதாவது ஏன், என்று எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் கழுத்தில் அட்டை தொங்கியது. விளக்க ஆரம்பித்தேன். ஃபோல்டர் என்றால் ஒரு வீடு மாதிரி மாமா, என்றேன். அந்த வீட்டுக்கு மூன்று எண். முதல் எண் வீட்டுக்காரருக்கு. இரண்டாவது வீட்டைச் சேர்ந்தவர்களுக்கு. மூன்றாவது ஊராருக்கு. என் உவமை எனக்கே பிடித்துப்போனது. மாமா கவனமாகக் கேட்டார். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், எதையும் அதற்குரிய தலைப்பில் வைத்துப் பார்ப்பவர்.

"இதுல அண்ணா எதுல வராரு?"

யோசிக்காமல் சொன்னேன். "மூணாவதுல, மாமா."

நான் சொன்னது தொழில்நுட்ப ரீதியாக முழுக்கச் சரி. அதைப்போல ஒரு சரியான பதிலை அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை. போனிலிருந்து, பல ஆயிரம் மைல் தாண்டி, பெரியப்பாவின் குரல் நிதானமாக வந்தது.

"ராஜு, நான் ஊராராம்."

பிறகு போன் வைக்கும் சத்தம்.

அவசரமாக, ஊரார் என்றால் அந்த ஊரார் இல்லை, கம்ப்யூட்டர் ஊரார், நீங்களும் அத்தையும்கூட அதில்தான் வருவீர்கள் என்று தொடங்கினேன். பாஸ்கர் சுவரோரத்திலிருந்து கையை ஆட்டினார். அத்தை வேண்டாம் என்று தலையசைத்தபடி எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"நக்கோம்மா. இனிமே நீ எதையும் விளக்க நக்கோ. சாய் குடி."

மாமா சாய் குடிக்கவில்லை. அண்ணன் மனசு ஆறாமல் கல்யாணத் தேதியைப் பற்றிப் பேச வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மிகவும் வருத்தமாகச் சொன்னார்.

பாஸ்கர் ரயில் நிலையம் வரை வந்தார். வழியில் நான் அழுதேன். அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அவர் நல்ல மனிதர், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடிப் பார்த்து, படங்களையாவது ஒரு சிடியில் போட்டுத் தபாலில் பெரியப்பாவுக்கு அனுப்பிவிடலாமே என்றார். நல்ல யோசனை, கேமராவைக் கொண்டு வாருங்கள் என்றேன். அவர் நின்றுவிட்டார். கேமராவைத் துடைத்துக் கொடுத்த விஷயம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆக, என் நிச்சயதார்த்தத்தின் அத்தனை படங்களும் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தன. அந்த இடத்துக்குள் நுழைய யாருக்கும் அனுமதி இல்லை.

மறுநாள் காலை நான் அலுவலகத்தில் மேசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசை ஷாஹீன் வந்து, "கைக்கு ரோரி, காந்தி?" என்று அழுகைக்குக் காரணம் கேட்டாள். பழைய நகரத்துப் பெண், என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள், எனக்குத் தெரிந்த அளவே அவளுக்கும் தெரியும். முழுக் கதையையும் சொன்னேன். ஊரார் கட்டம் வந்ததும் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சர்வரிடம் 'செய்தாயா' என்று கேட்டாயே, 'என்ன செய்தாய்' என்று கேட்டாயா என்றாள்.

கேட்கவில்லை. ஒரு வரி எழுதிக் கேட்டேன். அந்த ஃபோல்டரில் இப்போது என்ன எண் இருக்கிறது என்பதற்கு சர்வர் பதில் சொன்னது: 1411.

நான் கொடுத்தது 777. அங்கே இருப்பது 1411. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு விமானம் போனது. அப்புறம் மெதுவாக, மிக மெதுவாக, எனக்குள் ஏதோ இறங்கியது.

அந்தப் பூட்டு எண்கள் நாம் எண்ணுவதைப்போலப் பத்துப் பத்தாக எண்ணப்படுபவை அல்ல. எட்டு எட்டாக எண்ணப்படுபவை. நான் எழுதிய புரோகிராம் மொழியில், இது எட்டுக் கணக்கு என்று சொல்வதற்கு எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட வேண்டும். 0777. போடாவிட்டால் அது கடையில் சொல்கிற சாதாரண எழுநூற்று எழுபத்தேழு என்று எடுத்துக்கொண்டு, தானாக எட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும். மாற்றினால் வருவது 1411. அதில் பூட்டுக்கு உரிய கடைசி மூன்று எண்களின்படி சொந்தக்காரரான சர்வர், வாசலில் நின்று உள்ளே இருப்பவற்றின் பெயர்களைப் படித்துக்கொள்ளலாம், ஆனால் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. நான் இரண்டு முறையும் சர்வரை அதன் வீட்டிலிருந்தே வெளியே தள்ளியிருந்தேன். அதுவும் இரண்டு முறையும் 'ஆம்' என்று பணிவாகச் செய்து முடித்திருந்தது. முன்னால் போடும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று நாலாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை, எம்.சி.ஏ. எண்முறைப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிய பிறகும் நான் விடாமல் நம்பியிருக்கிறேன்.

பூஜ்யத்தைப் போட்டு ஓட்டினேன். இந்த முறை திறந்து பார்த்தேன். ஷாஹீன் கம்ப்யூட்டரிலும் திறந்து பார்த்தேன். ஷாமியானா, தாம்பாளம், என் அம்மா, தலை வெட்டுப்பட்ட என் அப்பா, எல்லோரும் வந்தார்கள். ஊருக்கே திறந்து கிடந்த பூட்டை, பார்க்க மட்டும் முடிகிற அளவுக்குக் குறைத்து வைத்தேன். அவ்வளவு புத்தி அதற்குள் வந்திருந்தது.

மூன்றாவது மின்னஞ்சல் அனுப்பத் துணிவில்லை. சாயங்காலம் அலுவலகத்துக்குக் கீழே இருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய், பாஸ்கரிடம் வாங்கிய எண்ணில் பெரியப்பாவை நேராகவே கூப்பிட்டேன். என் பெயரைச் சொன்னதும் "சொல்லு" என்றார். அந்தச் சொல்லில் உட்காரச் சொல்லி நாற்காலி எதுவும் போடப்படவில்லை.

"பெரிய மாமா, ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சு."

"எங்கே?"

"முன்னால."

"முன்னால போடற பூஜ்யத்துக்கு ஏது மதிப்பு?"

அவர் குரல் கறாராக இருந்தது. சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார் என்று தெரிந்தது. நான் உவமை எதுவும் சொல்லவில்லை. வீடு, வாசல் பக்கமே போகவில்லை. எண்களை மட்டும் சொன்னேன். எட்டுக் கணக்கு என்றேன், எழுநூற்று எழுபத்தேழு அதில் 1411 ஆகிவிட்டது என்றேன். "இரு, பேப்பர் எடுக்கறேன்" என்றார்.

பென்சில் உரசும் சத்தம் டெட்ராய்ட்டிலிருந்து கேட்டது. அவர் தனக்குத்தானே முணுமுணுத்தார். "ஐநூத்திப் பன்னெண்டு ஒண்ணு. மிச்சம் இருநூத்தி அறுவத்தஞ்சு. அதுல அறுவத்தி நாலு நாலு தடவை. மிச்சம் ஒம்பது. எட்டு ஒண்ணு, ஒண்ணு ஒண்ணு." நிறுத்தினார். மேலிருந்து மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தார். நான் பூத் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஆயிரத்தி நானூத்திப் பதினொண்ணு. கணக்கு சரியா வருது" என்றார். "அப்ப நீ கதை விடல."

"இல்ல பெரிய மாமா."

"அந்த ஊரார்?"

"நானும் அதுலதான் இருந்தேன். என்னையும் உள்ள விடல. நம்ம யாரையுமே விடல."

"நீயே செஞ்சது, உன்னையே விடலையா?" முதல் முறையாக அவர் குரலில் சிரிப்பின் ஓரம் தெரிந்தது. கம்ப்யூட்டரைத் திறப்பதாகச் சொன்னார். படங்கள் ஒவ்வொன்றாக வந்தன போலும். பெரியம்மாவைக் கூப்பிட்டார். இருவரும் பக்கத்தில் பேசிக்கொள்வது கேட்டது. யார் எந்தப் புடவை, யார் தலை நரைத்துவிட்டது என்றெல்லாம். பிறகு பெரியப்பா என்னிடம், "ராஜு ஏன் இவ்வளவு இளைச்சிட்டான்?" என்று கேட்டார். மாமாவுக்குச் சர்க்கரை வந்திருந்ததை அண்ணனிடம் மறைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டேன். (ஊராருக்கு அடுத்து, அந்த வாரத்தில் நான் வாய்தவறி வெளியே விட்ட இரண்டாவது விஷயம் அது.)

அதைக் கேட்டதும் அவர், "கல்யாணத்துக்கு நான் ஒரு மாசம் முன்னாடியே வர்றேன்" என்றார்.

வந்தார். தம்பியை டாக்டரிடம் அழைத்துப்போனார், மாமாவின் சர்க்கரை டப்பாவை ஒளித்துவைத்தார், என்னை உட்கார வைத்து எட்டுக் கணக்கில் பெருக்கல் வாய்ப்பாடு கேட்டார். நான் தப்பாகச் சொன்னேன். கல்யாணத்தன்று மண்டப வாசலில் பன்னீர் தெளித்து அழைத்தும் உள்ளே வராமல் நின்றுகொண்டு, மேடையில் இருக்கும் பெண்ணிடம் கேட்டு வாருங்கள், எனக்கு அனுமதி இருக்கிறதா என்றாராம். விஷயம் தெரியாத என் அம்மா பயந்து மேடைக்கு ஓடிவந்தாள். அதற்கப்புறம் அவர் எனக்கு எழுதும் மின்னஞ்சல், பிறந்தநாள் வாழ்த்து எல்லாவற்றிலும் 'இப்படிக்கு, ஊரார்' என்றுதான் கையெழுத்து. அது அப்படியே வீடு முழுக்கப் பரவிவிட்டது. ஊரார் போன் பண்ணினாரா, ஊரார் டிக்கெட் போட்டாச்சா என்று அத்தைகூடக் கேட்பார்.

எங்கள் மகள் இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கிறவள். நாங்கள் தமிழில் கேட்டால் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பதில் வரும். அவள் பிசகாமல் உச்சரிக்கும் தமிழ்ச் சொற்கள் கொஞ்சம்தான், அவற்றில் ஒன்று இது. அவர் உண்மைப் பெயர் அவளுக்குத் தெரியாது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய காகிதத்தில் அழகாகக் கிளைகள் போட்டு, ராஜு தாத்தாவுக்குப் பக்கத்தில், அவருடைய அண்ணன் இருக்க வேண்டிய கட்டத்தில் 'ஊரார் தாத்தா' என்று ஆங்கில எழுத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அவளுடைய டீச்சர் தமிழ் தெரிந்தவர். குடும்பத்தில் ஏதாவது பிரச்சினையா, நாளைக்கு வந்து பார்க்க முடியுமா என்று மிகவும் மென்மையாக எனக்குக் குறிப்பு அனுப்பியிருக்கிறார்.

நான்தான் போக வேண்டும். பாஸ்கரையும் கூட வரச் சொன்னேன். வருகிறேன், ஆனால் விளக்குவது நான், நீ பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்கிறார்.